பிடித்த கிட்டாரிஸ்ட்டைப் பார்த்துக் கிட்டார் வாங்கலாமா? ஸ்ட்ராட், லெஸ் பால், ஐபனெஸ்: நம்ம பக்கத்துக்கு எது?

கன்ஸ் அன் ரோஸஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் ஸ்லாஷைப் பார்த்து, கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் கிட்டார் மேல் ஆசை வருவதில் ஒரு தப்பும் இல்லை. பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, மேலப்பாளையம் என்று நம்ம திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் முதல் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கக் கிளம்பும்போது "அண்ணே, அவரு வச்சிருக்கதுதான் எனக்கும் வேணும், எவ்வளவு வரும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். "மொதல்ல ஒழுங்கா வாசிச்சுப் படி, பெறவு பாக்கலாம்" என்று சொல்லி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விரல் நுனி வலிக்கிற முதல் சில மாதங்களில் கிட்டாரைத் திரும்பத் திரும்பக் கையில் எடுக்க வைப்பது அந்த ஆசைதான், யாரோ நல்லது என்று சொன்னார்கள் என்பதற்காக மனசுக்கு ஒட்டாத ஒன்றை வாங்கினால் அது பீரோ மேல் ஏறிவிடும். அதனால் ஆசையிலிருந்தே தொடங்குவோம். ஆனால் அந்த ஆசை போஸ்டரைப் பார்த்து வந்ததா, பாட்டைக் கேட்டு வந்ததா என்று முதலில் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். படத்தில் இருக்கிற கிட்டார் வேறு, நீங்கள் காதில் கேட்டு மயங்கிய கிட்டார் வேறு என்பது பல பேர் விஷயத்தில் நடந்திருக்கிறது.

ஜிம்மி பேஜ் என்றால் இடுப்புக்குக் கீழே தொங்குகிற லெஸ் பால்தான் எல்லோருக்கும் நினைவு வரும். ஆனால் 1969-இல் வந்த லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தில் அவர் பெரும்பாலும் வாசித்தது ஃபெண்டர் கம்பெனியின் டெலிகாஸ்டர், 'ஸ்டெயர்வே டு ஹெவன்' பாட்டின் அந்தப் புகழ்பெற்ற லீடும் (கிட்டார் மட்டும் முன்னால் நின்று பேசுகிற பகுதி) டெலிகாஸ்டரில் வாசித்ததுதான். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மர் வைத்திருந்த கறுப்பு ஸ்ட்ராடோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) 2019-இல் ஏலத்தில் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது, ஆனால் 'அனதர் பிரிக் இன் த வால்' இரண்டாம் பாகத்தில் அவர் வாசித்த லீடு பழைய பொன்னிற லெஸ் பாலிலிருந்து வந்தது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் மார்க் நாப்ளர் சிவப்பு ஸ்ட்ராட்டுக்குப் பெயர் போனவர், 1985-இல் உலகமே பாடிய 'மணி ஃபார் நத்திங்' பாட்டின் அந்தக் கரகரப்பான தொடக்கம் லெஸ் பால். எரிக் கிளாப்டன் பிடிக்கும் என்று ஒருத்தர் சொன்னால் எந்த வருஷத்துக் கிளாப்டன் என்று கேட்க வேண்டும்: 1966-இல் அவர் கையில் லெஸ் பால், கிரீம் குழுவில் இருந்த காலத்தில் கிப்சனின் எஸ்ஜி, 335 என்கிற மாடல்கள், 1970-க்குப் பிறகு ஸ்ட்ராட்.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதாரணம் ஸ்லாஷேதான். 1987-இல் வந்து கன்ஸ் அன் ரோஸஸை உலகத்துக்குக் காட்டிய அந்த முதல் ஆல்பத்தில் அவர் வாசித்தது கிப்சன் கம்பெனிக் கிட்டார் இல்லை. கிரிஸ் டெரிக் என்கிற கைவினைஞர் லெஸ் பாலைப் பார்த்து அச்சு அசலாகச் செய்து கொடுத்த நகல். அந்த நகலை வைத்துத்தான் ஒரு தலைமுறையே கிப்சன் வாங்க ஓடியது. இதை நான் சொல்வது கிப்சனைக் குறைத்துப் பேச இல்லை. கிட்டாரின் தலையில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைவிட அது எந்த வகைக் கிட்டார் என்பது முக்கியம் என்று சொல்லத்தான்.

வகை என்றால் முதலில் பிக்கப். கம்பி அதிர்வதை மின்சாரமாக மாற்றுகிற, காந்தத்தைச் சுற்றிய சுருள் அது. ஸ்ட்ராட்டிலும் டெலியிலும் இருப்பது ஒற்றைச் சுருள், சிங்கிள் காயில் என்போம், கண்ணாடி மாதிரித் தெளிவாக, மேல் சுரங்கள் பளிச்சென்று வரும். லெஸ் பாலில் இருப்பது ஹம்பக்கர், இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது, சத்தம் தடிமனாக, உருண்டையாக, நீண்டு நிற்கும். 1955-இல் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்பவர் இதைக் கண்டுபிடித்ததற்குக் காரணம் தடிமனான சத்தம் வேண்டும் என்பது இல்லை. சிங்கிள் காயிலில் எப்போதும் பின்னால் கேட்டுக்கொண்டிருக்கும் 'ம்ம்ம்' என்கிற கரண்ட் இரைச்சலை ஒழிப்பதற்காக. இரண்டு சுருள்களும் அந்த இரைச்சலை எதிரெதிராகப் பிடிப்பதால் அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், கம்பியின் சத்தம் மட்டும் கூடும். பெயரே அப்படித்தான் வந்தது: 'ஹம்' என்கிற இரைச்சலை எதிர்ப்பது ஹம்பக்கர்.

இந்த இரைச்சல் விஷயத்தை நம்ம பக்கத்து ஆட்கள் மற்ற எல்லாரையும்விடக் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும், ஏனென்றால் நம்மில் பாதிப் பேருக்கு மேடை என்றால் அது கோயில் கொடை. முதல் நாள் வில்லுப்பாட்டு, மறுநாள் ராத்திரி பாட்டுக் கச்சேரி. மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடும், பந்தல் முழுக்க சீரியல் செட், தலைக்கு மேலே ட்யூப் லைட்டும் கலர் ஃபோகஸும், மைக் செட்டுக்கும் லைட்டுக்கும் ஒரே லைன். அங்கே ஸ்ட்ராட்டைச் செருகி, சத்தத்தைக் கரகரப்பாக்குகிற டிஸ்டார்ஷனைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் ஒரு கம்பியைக்கூடத் தொடுவதற்கு முன்னால் ஸ்பீக்கர் உறுமத் தொடங்கும். கையைக் கம்பியில் வைத்தால் கொஞ்சம் அடங்கும், எடுத்தால் திரும்ப வரும். உடம்பை மெதுவாக ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு கோணத்தில் சட்டென்று குறையும், அந்த இடத்தில் கால் ஊன்றி நின்றுகொண்டு மொத்தப் பாட்டையும் வாசித்து முடிக்கிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது வருகிற பல ஸ்ட்ராட்களில் நடு பிக்கப்பை எதிர்ச்சுற்றில் செய்கிறார்கள், எந்த பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று மாற்றுகிற சுவிட்சை இரண்டாவது அல்லது நான்காவது நிலையில் வைத்தால் இரைச்சல் போய்விடும், ஆனால் லீடுக்கு எல்லா நேரமும் அந்த நிலை ஒத்து வராது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது எந்தக் கிட்டாருக்கும் பொருந்தும். எர்த் சரியில்லாத மேடையில் ஒரு கை கம்பியில் இருக்கும்போது மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும், சில சமயம் நன்றாகவே அடிக்கும். பாடிக்கொண்டே வாசிக்கிறவர்கள் மைக் செட்காரரிடம் எர்த் கேட்டு உறுதிப்படுத்தாமல் மேடை ஏற வேண்டாம். மைக்குக்குப் பஞ்சு உறை போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஸ்ட்ராட்டோகாஸ்டர் யாருக்கு? 1954-இல் ஃபெண்டர் கொண்டு வந்தது, இன்று வரை அடிப்படை வடிவம் மாறவில்லை. ஹெண்ட்ரிக்ஸ், கில்மர், நாப்ளர், ஜான் மேயர் இவர்களில் யாராவது உங்களைத் தூங்கவிடாமல் செய்தவர் என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், அவர்களுடைய ஸ்ட்ராட் குரல் ஹம்பக்கரிலிருந்து வராது. உடம்பில் வளைவு வெட்டி ஒட்டி நிற்கும்படி செய்திருப்பார்கள், எடையும் பெரும்பாலும் மூன்றரைக் கிலோ பக்கம்தான். சர்ச்சில் ஆராதனைக்கு வாசிக்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கிட்டார் கிடைக்காது என்பது என் கருத்து. பாளையங்கோட்டைச் சர்ச்சுகளில் வயரிங் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும், கீபோர்டும் பாடகர் குழுவும் ஏற்கெனவே நடு இடத்தை நிரப்பியிருப்பார்கள், மேலே மெல்லிசாக டிலே, அதாவது எதிரொலி, போட்டு ஒரு இழை ஓடினால் போதும், அதற்கு சிங்கிள் காயில்தான். பட்ஜெட்டில் பார்த்தால் ஃபெண்டரின் சொந்தப் பிராண்டான ஸ்கொயர் இருக்கிறது, 20,000 ரூபாய் அக்கம்பக்கத்திலேயே தொடங்கும். ஜான் மேயர் ரசிகர்களுக்குப் பிஆர்எஸ் கம்பெனியின் எஸ்இ சில்வர் ஸ்கை உண்டு, அது அதைவிடப் பல மடங்கு விலை.

லெஸ் பால் 1952-இல் வந்தது, 1957-இலிருந்து ஹம்பக்கர். மகோகனி உடம்பு, மேலே மேப்பிள் பலகை. இரைச்சல் இல்லை, டிஸ்டார்ஷன் போட்டால் ஒரு சுரம் பிடித்துப் பந்தலின் கடைசி வரிசை வரைக்கும் நிற்கும், கொடை மேடைக்கு இது ராஜா. கம்பியின் நீளமும் ஸ்ட்ராட்டைவிடக் குறைவு, அங்கே 25.5 அங்குலம், இங்கே 24.75, முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும், ஆனால் அதனால் கம்பி இறுக்கம் குறைந்து, இழுத்து வளைக்கச் சுலபமாக இருப்பது முதல் நாளே விரலுக்குத் தெரியும்.

குறைகள் இரண்டு. ஒன்று எடை. நான்கு, நாலரைக் கிலோவை ராத்திரி ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை இடது தோளில் மாட்டிக்கொண்டு நிற்பது வாலிப வயதில் ஒன்றும் தெரியாது, கச்சேரி முடிந்து வேனில் ஏறும்போது தெரியும். அகலமான தோல் பட்டை கட்டாயம். இரண்டாவதுதான் எனக்கு நிஜமாகவே கவலை தருவது: கழுத்து. தலைப்பகுதி பின்னால் சாய்ந்து இருக்கும், கழுத்து மரத்தில் சரியாக அந்த வளைவு தொடங்குகிற இடத்தில்தான் உள்ளே இரும்புக் கம்பியைத் திருகுவதற்காகக் குடைந்திருப்பார்கள், அதனால் இருப்பதிலேயே மெல்லிய இடம் அதுதான். ஸ்டாண்டிலிருந்து மல்லாக்க விழுந்தால் போதும், முறிந்துவிடும். ஃபெண்டர் வகைக் கழுத்து நேராக, போல்ட் போட்டு மாட்டியது, விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும், உடைந்தாலும் கழுத்தை மட்டும் மாற்றலாம். ஜங்ஷனில் தென்காசி பஸ் ஏறி, கிட்டாரை மெல்லிய துணிப்பையில் போட்டு இன்ஜின் பெட்டி மேல் சாய்த்து வைத்துக்கொண்டு போகிற ஆட்கள் நாம். லெஸ் பால் வாங்குகிறவர் கெட்டிப் பெட்டிக்கும் சேர்த்துக் காசு எடுத்து வைக்க வேண்டும். பழையது கைமாற்றாக வந்தால் தலைப்பகுதிக்குப் பின்னால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நகத்தால் தடவிப் பாருங்கள், பெயிண்டுக்கு அடியில் ஒட்டிய கோடு இருந்தால் நகம் தட்டும்.

கிப்சன் அசல் லட்சக்கணக்கில் போகும். எபிஃபோன் கிப்சனின் சொந்தப் பிராண்டுதான், 1957-இலேயே வாங்கிவிட்டார்கள், அதன் லெஸ் பால் முதல் கிட்டாராக வாங்க முழுக்கத் தகுதியானது. எடை வேண்டாம், சத்தம் மட்டும் வேண்டும் என்றால் எஸ்ஜி பாருங்கள், ஏசி/டிசியின் ஆங்கஸ் யங் குதித்துக் குதித்து வாசிப்பாரே, அது. பிளாக் சபாத்தின் டோனி அயோமியும் எஸ்ஜிதான். ஃபேக்டரி இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர் அவர், விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய கம்பி போட்டு, அதையும் பிறகு தளர்த்திக்கொண்டார். இன்று உலகம் முழுக்க மெட்டல் ஆட்கள் கம்பியைத் தளர்த்தி வாசிப்பதன் வேர் அங்கே இருக்கிறது. தன் கைக்குத் தோதாகக் கிட்டாரை மாற்றிய மனுஷன், என் கணக்கில் பின்பற்ற வேண்டியது அதைத்தான்.

மூன்றாவது ஐபனெஸ். ஜப்பான்காரர்கள். ஸ்டீவ் வாய் என்கிற கிட்டாரிஸ்ட்டுக்காக 1987-இல் ஜெம் என்கிற மாடலைக் கொண்டு வந்தார்கள், உடம்பில் கைப்பிடி மாதிரித் துளை வெட்டியிருக்கும், பார்த்தவுடனே இன்ஜினியரிங் காலேஜ் பையன்கள் விழுந்துவிடுவார்கள். மெல்லிய கழுத்து, 24 ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்), வேகமாக ஓடுகிற விரலுக்கு இதுதான் பாதை. ஆனால் ஃப்ளாய்ட் ரோஸ் என்கிற பூட்டுப் பிரிட்ஜ் (உடம்பில் கம்பிகளைத் தாங்குகிற பாகம்) இருக்கிற மாடலை முதல் கிட்டாராக வாங்காதீர்கள், இதை நான் அழுத்தியே சொல்வேன். அது ஸ்பிரிங் இழுப்பும் கம்பி இழுப்பும் சமமாக நிற்பதால் மிதக்கிற பிரிட்ஜ். கச்சேரி நடுவில் ஒரு கம்பி அறுந்தால் மிச்ச ஐந்தும் சுருதி ஏறிவிடும், ஆலன் கீ எடுத்துப் பூட்டைத் திறந்து, கம்பி மாட்டி, மறுபடி சமன் செய்ய வேண்டும், பாடகர் அதுவரை மேடையில் என்ன செய்வார்? ஸ்டீவ் வாய் மாதிரி ஆட்களுக்குப் பக்கத்தில் தயாராக இன்னொரு கிட்டாரோடு ஆள் நிற்பார், நமக்கு யாரும் நிற்க மாட்டார்கள். ஐபனெஸிலேயே அசையாத பிரிட்ஜ் உள்ள மாடல்கள் இருக்கின்றன, வேகம் அதே வேகம்தான்.

டெலிகாஸ்டர் பற்றிச் சுருக்கமாக: இருப்பதிலேயே எளிமை, கெடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை, கிராமத்து மேடைகளில் முரட்டுத்தனமாகப் புழங்கலாம். ஆனால் சிங்கிள் காயில், இரைச்சல் உண்டு. பி.பி. கிங் வைத்திருந்த மாதிரி உள்ளே பாதி வெற்றிடமான கிட்டார்கள் அழகு, ஸ்பீக்கர் பக்கம் நின்று சத்தம் ஏற்றினால் ஊளையிடும், நெருக்கமான மேடைக்கு வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள். கர்நாடக இசையை எலக்ட்ரிக் கிட்டாரில் வாசிக்கிற பிரசன்னாவையோ, எலக்ட்ரிக் மாண்டலினில் வாசித்த யு. ஸ்ரீநிவாஸையோ கேட்டு வந்தவர்களுக்கு கணக்கே வேறு. ஸ்ரீநிவாஸ் மாண்டலினின் இரட்டைக் கம்பிகளை எடுத்துவிட்டு ஒற்றையாக ஐந்து கம்பி வைத்துக்கொண்டார், கமகத்துக்கு அதுதான் தோது. நீங்களும் அப்படியே யோசிக்க வேண்டும்: கமகம் இழுக்கக் கம்பி மெல்லிசாக இருக்க வேண்டும், தடிமன் கணக்கில் ஒன்பது கேஜ் கம்பி போடுங்கள், ஃப்ரெட் உயரமாக இருந்தால் விரல் மரத்தில் உரசாமல் கம்பியை மட்டும் பிடித்து வளைக்கலாம், கழுத்துப் பக்க ஹம்பக்கரில் சத்தம் வழுவழுப்பாக இருக்கும். இங்வே மால்ம்ஸ்டீனும் ரிச்சி பிளாக்மோரும் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கிய ஸ்ட்ராட் வைத்திருந்தார்கள், அது வீணையில் அழுத்தி இழுப்பதற்குப் பக்கத்தில் வருகிற விஷயம், ஆனால் கொஞ்சம் அழுத்தினாலே சுருதி ஏறிவிடும், கை பக்குவப்பட்ட பிறகுதான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

இளையராஜா பாட்டுக் கேட்டுக் கிட்டார் ஆசை வந்தவர்கள்தான் நம்மிடையே அதிகம், அதனால் இதையும் சொல்லியாக வேண்டும். 'இளைய நிலா பொழிகிறதே' கிட்டாரைத் தேடி எலக்ட்ரிக் கடைக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும், அது அக்கூஸ்டிக். அதுதான் உங்கள் கனவு என்றால் பிக்கப் வைத்த அக்கூஸ்டிக் வாங்கிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

சத்தத்தில் கிட்டாருக்கு எவ்வளவு பங்கு இருக்கிறதோ அதே அளவுக்கு ஆம்புக்கும் (ஆம்ப்ளிஃபையர்) கைக்கும் பங்கு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். நாயனம் ஒன்றாகவே இருந்தாலும் சீவாளியும் மூச்சும் ஆளுக்கு ஆள் மாறும்போது நாதம் மாறுவதை நெல்லையப்பர் கோயில் திருவிழாவில் கேட்காதவர்கள் இல்லை, இதுவும் அப்படித்தான். நாப்ளர் பிக் பிடிக்காமல் விரலால் மீட்டுவார். குயின் குழுவின் பிரையன் மே ஆறு பென்னி நாணயத்தால் வாசிப்பார், அவர் கிட்டாரே அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து பழைய கணப்படுப்பு மரத்தை அறுத்து வீட்டில் செய்தது. ஆக 25,000 ரூபாய் கையில் இருந்தால் முழுசையும் கிட்டாரில் போடாதீர்கள், டிஸ்டார்ஷன், டிலே எல்லாம் ஒன்றாக அடங்கிய ஒரு சின்ன மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டிக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள். நம்ம மேடைகளில் பெரும்பாலும் ஆம்பே இருக்காது, நேராக மிக்சருக்குத்தான் லைன் போகும், அந்தப் பெட்டி இல்லாமல் நேராகச் செருகினால் எந்தக் கிட்டாரும் தகரத்தைத் தட்டிய மாதிரித்தான் கேட்கும். பிரபலக் கிட்டாரிஸ்ட் பெயரில் வருகிற சிக்னேச்சர் மாடல்களுக்குக் கூடுதலாகப் போகிற காசு அந்தப் பெட்டிக்குப் போனால், உங்களுக்குப் பிடித்தவரின் சத்தத்துக்கு இன்னும் பக்கத்தில் போவீர்கள்.

யார் மேலும் தனிக் காதல் இல்லை, சர்ச்சும் உண்டு, கொடையும் உண்டு, காலேஜ் விழாவும் உண்டு என்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் காயில் என்று கலந்து வைத்த கிட்டார். யமஹா பசிஃபிகா 112வி அப்படிப்பட்டது, ஒரு குமிழை இழுத்தால் ஹம்பக்கரும் ஒற்றைச் சுருளாகிவிடும். போஸ்டரில் இதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சத்தம், அன்று ராத்திரி ஒரு சத்தம் என்று இரண்டையும் ஒரே கிட்டாரில் சமாளிக்கும்.

ஆனால் காதல் இருந்தால் அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம் என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். என் அக்கா மகன் ஸ்லாஷ் பைத்தியம். பசிஃபிகாவைக் கையில் கொடுத்தேன், நன்றாகவே வாசித்தான், "நல்லாத்தான் இருக்கு மாமா" என்று சொன்ன குரலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. எபிஃபோன் லெஸ் பாலை மாட்டியவுடன் கண்ணாடி எங்கே என்று தேடினான். அதையே வாங்கச் சொன்னேன், கெட்டிப் பெட்டியும் அகலப் பட்டையும் சேர்த்து. ஆராதனைக்கு அது கொஞ்சம் தடிமன்தான், வால்யூம் குமிழை ஏழுக்கு இறக்கி, கழுத்துப் பிக்கப்பில் வைத்துச் சமாளிக்கிறான்.

கடைக்குப் போகிறவர்களுக்கு: மதுரையோ சென்னையோ திருவனந்தபுரமோ, ஒரு நாள் செலவழித்து நேரில் போங்கள், இணையத்தில் வாங்கினால் பிறகு ஃப்ரெட் சரிபார்க்கவும் கழுத்து நிமிர்த்தவும் திரும்ப அங்கேதான் அலைய வேண்டும். கத்திரி வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவில் கழுத்து கொஞ்சம் வளையத்தான் செய்யும், வருஷத்துக்கு ஒரு முறை செட்டப் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். உவரி, மணப்பாடு, திருச்செந்தூர் பக்கம் கடற்காற்றில் இருப்பவர்களுக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து உறைக்குள் வையுங்கள், மேல்பூச்சுப் போட்ட கம்பி வாங்கினால் இன்னும் நல்லது. கடையில் எல்லாக் கிட்டாரையும் ஒரே ஆம்பில், எஃபெக்ட் எதுவும் இல்லாமல் முதலில் கேளுங்கள். உட்கார்ந்து கொஞ்ச நேரம், பட்டை மாட்டி நின்று கொஞ்ச நேரம். பிறகு கடைக்காரரிடம் சொல்லி ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே நின்று டிஸ்டார்ஷனை ஏற்றி, கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.